மூச்சுக்கும் கணக்கு உண்டு!

காலை ஒன்பதே கால். சைதாப்பேட்டை சிக்னல். முன்னால் ஒரு பஸ், இடது பக்கம் தண்ணீர் லாரி, வலது பக்கம் ஷேர் ஆட்டோ. நடுவில் என் ஸ்கூட்டரும் நானும். சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் 90, 89, 88 என்று எண்கள் இறங்குகின்றன. ஒருத்தராவது இன்ஜினை அணைக்க வேண்டுமே... ம்ஹூம்! நானும் அணைக்கவில்லை. 'நாம மட்டும் அணைச்சு என்ன ஆகப் போகுது' என்கிற உலகப் பொதுத் தத்துவம்தான்.

ஆபீஸ் வந்து முகத்தைத் துடைக்கிறேன். வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு கறுப்பு மேப். பக்கத்து சீட் நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, ''என்ன சார், அடுப்பங்கரைலேர்ந்து நேரா வர்றீங்களா?'' என்றார். சிரித்துவிட்டு ஃபைலைத் திறந்தேன். ஆனால், ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. வெளியே ஒட்டினதே இவ்வளவு என்றால், உள்ளே போனது எவ்வளவு?

நான் பி.காம். கட்டுரை எழுதாத நேரங்களில் இரண்டு, மூன்று கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ப்ளஸ் ஒன்னில் எங்கள் கணக்குப்பதிவியல் வாத்தியார் முதல் மாதமே ஒரு விதியை மண்டையில் ஏற்றினார்... 'உள்ளே வர்றதைப் பற்று எழுது. வெளியே போறதை வரவு எழுது!' மேஜை, நாற்காலி, மெஷின் போன்ற சொத்துக்களுக்கான விதி அது. மூச்சுக்கும் அது பொருந்தும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு போகிப் பண்டிகை ராத்திரி வரை.

அன்று விடியற்காலை மூன்று மணிக்கே தெருவில் மேளச் சத்தம். நாலு மணிக்கு ஜன்னல் வழியாகப் புகை. நாலரைக்கு என் ஏழு வயசுப் பெண் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே! நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். ''அப்பா, காத்து வரலைப்பா...'' அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். முகத்தில் மாஸ்க்கை மாட்டி, மருந்தை ஆவியாக உள்ளே விட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எங்களுக்கும் மூச்சு வந்தது.

பழக்க தோஷம், அந்த வாரத்துச் செலவை ஒரு நோட்டில் எழுதினேன். ஆட்டோ, ராத்திரி ரேட் 400. டாக்டர், மருந்து 2,350. வீட்டுக்கென்று வாங்கின நெபுலைசர் 1,900. மனைவிக்கு மூன்று நாள் சம்பளமில்லா விடுமுறை. எனக்கு எழுத முடியாமல் போன ஒரு கட்டுரை. குழந்தைக்கு ஐந்து நாள் பள்ளிக்கூடம் கட். இதெல்லாம் பற்று.

டயர் கொளுத்தினவனுக்கு ஆன செலவு? ஒரு தீக்குச்சி!

'யார் அந்த அயோக்கியன்' என்று உடனே கேட்டுவிடாதீர்கள். பத்து வயசிலிருந்து இருபது வயசு வரை எங்கள் தெருவில் டயர் சேகரிப்புக் குழுவின் தலைவரே அடியேன்தான். சைக்கிள் டயர் சின்னப் பசங்களுக்கு. லாரி டயர் கிடைத்தால் அந்த வருஷம் நாங்கள்தான் ஹீரோ! அப்போது எங்கள் தெருவில் எந்த வீட்டில் எந்தக் குழந்தை எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்ததோ... அந்தக் கணக்கு என்னிடம் இல்லை.

முடியில் முப்பதில் ஒரு பங்கு

புகையில் கண்ணுக்குத் தெரிகிற கரியும் தூசும் அவ்வளவு ஆபத்தில்லை. மூக்கு முடி, சளி, தும்மல் என்று உடம்பு செக்போஸ்ட் வைத்திருக்கிறது, பெரும்பாலும் பிடித்துவிடும். வில்லன், கண்ணுக்கே தெரியாத பொடி. 'பி.எம். 2.5' என்று பெயர். இரண்டரை மைக்ரானுக்குள் அடங்குகிற துகள்கள். நம் தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. டீசல், நிலக்கரி, குப்பை, விறகு... எதை எரித்தாலும் கிளம்பும். செக்போஸ்ட்டுகளை எல்லாம் டிமிக்கி கொடுத்துத் தாண்டி, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை போய் உட்காரும். அதிலும் ரொம்பப் பொடிசுகள் அங்கிருந்து ரத்தத்திலேயே கலந்துவிடும்.

அதனால்தான் 'புகை என்றால் இருமல்தானே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், சர்க்கரை வியாதி வரைக்கும் இதன் கை நீளுகிறது. 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 81 லட்சம் பேரின் சாவுக்குக் காற்று மாசு காரணம் என்று 2024-ல் வெளியான 'ஸ்டேட் ஆஃப் குளோபல் ஏர்' அறிக்கை கணக்கிட்டது. ஆனால், யாருடைய மரணச் சான்றிதழிலும் 'காரணம்: காற்று' என்று எழுதுவது வழக்கமில்லை. இதயம் என்று எழுதுவார்கள், நுரையீரல் என்று எழுதுவார்கள். கணக்குப் பாஷையில் சொன்னால், செலவு வேறு தலைப்பில் பதிவாகிவிடுகிறது.

இதற்கு ஒரு பிரசித்தமான உதாரணம் லண்டன். 1952, டிசம்பர் 5. நல்ல குளிர். வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. காற்று அசையவில்லை. புகை மேலே போக வழியின்றி ஊர் மேலேயே ஐந்து நாள் படுத்துவிட்டது. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். ஒரு தியேட்டருக்குள் புகை புகுந்து, ஆபராவைப் பாதியில் நிறுத்தினார்கள். புகை கலைந்த பிறகு பார்த்தால் சுமார் 4,000 பேர் அதிகமாக இறந்திருந்தார்கள். அடுத்த சில மாதங்களிலும் சாவு எண்ணிக்கை இறங்கவில்லை. அரசாங்கம் அதை ஃப்ளூ கணக்கில் எழுதி ஃபைலை மூடியது. பிற்காலத்தில் அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், மொத்தம் 12,000 வரை இருக்கும் என்றார்கள். 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது.

இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. காரணம், அதில் ஹீரோ டாக்டர் இல்லை. ஒரு பொருளாதாரப் பேராசிரியர். அமெரிக்காவில் யூட்டா பள்ளத்தாக்கில் பெரிய ஸ்டீல் ஆலை ஒன்று, தொழிலாளர் தகராறில் 1986 ஆகஸ்ட்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. ஆர்டன் போப் என்கிற அந்தப் பேராசிரியர் ஆஸ்பத்திரிக் கணக்குகளைப் புரட்டினார். ஆலை ஓடிய குளிர்காலங்களில், மூச்சுக் கோளாறுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகள், ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு! ஸ்டிரைக் பண்ணினவர்களும் சரி, ஆலையை மூடினவர்களும் சரி, குழந்தைகளின் நுரையீரலை நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனால், லெட்ஜர் பொய் சொல்லவில்லை.

மூளைக்கும் புகை போகுது!

சரி, இதெல்லாம் உடம்பு சமாசாரம். ஆபீஸில் உட்கார்ந்து மூளையால் பிழைக்கிற நமக்கென்ன என்கிறீர்களா? இனிமேல்தான் இருக்கிறது வேடிக்கை.

சீனாவில் 'சிட்ரிப்' என்று ஒரு பெரிய டிராவல் கம்பெனி. ஷாங்காயிலும் நான்டோங்கிலும் அதற்குக் கால் சென்டர்கள். வெயில் இல்லை, மழை இல்லை, சுகமாக உள்ளே உட்கார்ந்து போன் பேசுகிற வேலை. யார், எத்தனை கால் பேசினார்கள், எத்தனை நிமிஷம் பிரேக் எடுத்தார்கள் என்று எல்லாமே கம்ப்யூட்டரில் பதிவாகும். அந்தப் பதிவையும் ஊரின் காற்று மாசு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 2019-ல் ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். மாசுக் குறியீடு 10 புள்ளி ஏறினால், பேசும் கால்களின் எண்ணிக்கை 0.35 சதவிகிதம் குறைகிறது. நல்ல காற்று நாளையும் மோசமான நாளையும் ஒப்பிட்டால் வித்தியாசம் ஐந்து, ஆறு சதவிகிதம். எப்படிக் குறைகிறது? ஒரு கால் பேசும் நேரம் கூடவில்லை. பிரேக்தான் நீண்டுவிட்டது!

ஆகவே, அடுத்த முறை மேனேஜர், ''டீ குடிக்கப் போனா அரை மணி நேரமாய்யா?'' என்று கத்தினால், ''காத்து சரியில்லை சார்'' என்று சொல்லிப் பாருங்கள். பின்விளைவுகளுக்குப் பத்திரிகை பொறுப்பல்ல.

'பிரேக் எடுக்கிறது சோம்பேறித்தனம், புத்தி மழுங்கினதுக்கு அது சாட்சியா?' என்று வாதாடுகிறவர்களுக்கு செஸ். தவறை இதைவிடத் துல்லியமாக அளக்கக்கூடிய விளையாட்டு உண்டா? ஜெர்மனியில் நடந்த போட்டிகளில், ஹாலுக்குள்ளேயே காற்றை அளக்கும் கருவியை வைத்தார்கள். 121 ஆட்டக்காரர்கள், 30,000-க்கும் மேல் நகர்த்தல்கள். ஒவ்வொரு நகர்த்தலையும் கம்ப்யூட்டர் திருத்தியது. பி.எம். 2.5 அளவு ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், பெரிய தவறு செய்யும் வாய்ப்பு 26 சதவிகிதம் கூடியது. அதுவும் எப்போது? கடிகாரம் நெருக்குகிற கட்டத்தில்தான் சறுக்கல் அதிகம். நமக்கு மார்ச் 31-ஆம் தேதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

10 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? 24 மணி நேரச் சராசரி 15-ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுச் சட்டம் 60 வரை பரவாயில்லை என்கிறது. நம் நுரையீரல் என்ன ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தி வந்ததா, நாலு மடங்கு தாங்க?

இன்னும் ஒன்று. இஸ்ரேலில், பள்ளியிறுதித் தேர்வு எழுதிய மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மாணவன், வெவ்வேறு நாளில் வெவ்வேறு பரீட்சை. காற்று மோசமான நாளில் எழுதின பேப்பரில் மார்க் குறைந்தது. அதோடு போகவில்லை. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் கல்லூரிப் படிப்பிலும் சம்பளத்திலும்கூட அடி விழுந்திருந்தது. பையன் ப்ளஸ் டூவில் மார்க் குறைந்தால் முதுகில் நாலு சாத்துகிற அப்பாக்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூளைக்குள் இது எப்படிப் போகிறது? மூச்சுக்குழாய் வழியே ரத்தத்துக்குப் போய், உடம்பெங்கும் அழற்சியைக் கிளப்புவது ஒரு பாதை. மூக்கின் உச்சியில் இருக்கும் வாசனை நரம்பு வழியாக நேரே மூளைக்கு ஏறுவது இன்னொரு பாதை என்கிறார்கள். 2016-ல் மெக்சிகோ சிட்டி, மான்செஸ்டர் என இரண்டு ஊர்களில் இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்தபோது, உள்ளே மேக்னடைட் என்கிற இரும்புத் துகள்கள். உருண்டை உருண்டையாக, கொதிக்கும் சூட்டில் உருகி இறுகின வடிவத்தில்! உடம்பு தானாகச் செய்கிற சரக்கில்லை அது. இன்ஜினும் உலையும் துப்புகிற சரக்கு. வயதான காலத்தில் வரும் மறதி நோய்க்கான காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசையும் 2020-ல் லான்செட் குழு பட்டியலில் சேர்த்துவிட்டது.

யார் பெயரில் எழுதுவது?

இப்போது என் சப்ஜெக்ட்டுக்கு வருகிறேன்.

2019-ல் இந்தியாவில் காற்று மாசால் இறந்தவர்கள் சுமார் 16.7 லட்சம் பேர். நாட்டின் மொத்தச் சாவில் 17.8 சதவிகிதம். அகால மரணத்தாலும் நோயாலும் நாடு இழந்த உற்பத்தி, 2,60,000 கோடி ரூபாய். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 1.4 சதவிகிதம். இது 2020 டிசம்பரில் லான்செட் பத்திரிகைக் குழுமத்தில் வெளியான கணக்கு. உலகம் முழுக்கக் கூட்டினால் 2019-ல் 8.1 லட்சம் கோடி டாலர் என்றது உலக வங்கி.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஒரு ஃபாக்டரியின் லாப நஷ்டக் கணக்கில் நிலக்கரி வாங்கின செலவு இருக்கும். கூலி இருக்கும். ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கினதுகூட இருக்கும். புகைபோக்கி வழியாக வெளியே போனது மட்டும் இருக்காது! அது நம் வீட்டு நோட்டில், 'நெபுலைசர் 1,900' என்று வந்து உட்காரும். லாபம் அவர்கள் புத்தகத்தில், செலவு நம் புத்தகத்தில். பி.காமில் இதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் பாட்டி சுருக்கமாகச் சொல்வாள்... 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!'

எல்லாருக்கும் சமமாகவாவது பங்கு பிரிக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஏ.சி. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்குக் கொஞ்சம். பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்கும் எனக்கு அதைவிட அதிகம். சிக்னலிலேயே நாள் பூரா நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரருக்கும் பூ விற்கிற அம்மாவுக்கும் ஃபுல் மீல்ஸ்! தென்சென்னையில் நம் ஃபேன் சுற்ற, வடசென்னையில் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் சாம்பலைச் சுவாசிக்கிறார். நாம் தெருமுனையில் கொட்டின குப்பைதான் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் கிடக்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததே... யார் வீட்டுக் குப்பை, யார் வீட்டு மூச்சு?

நல்ல செய்தியும் உண்டு. காற்றைச் சுத்தம் செய்வது தண்டச் செலவு இல்லை. சொல்லப்போனால், இதைவிட லாபமான முதலீட்டை நான் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் பார்த்ததில்லை. அமெரிக்கா 1990-ல் தன் சுத்தக் காற்றுச் சட்டத்தை இறுக்கியது. அதனால் 2020-ஆம் வருஷத்தில் ஆகக்கூடிய செலவு 6,500 கோடி டாலர், கிடைக்கக்கூடிய பலன் 2 லட்சம் கோடி டாலர் என்று அந்நாட்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2011-ல் கணக்குப் போட்டது. ஒன்று போட்டால் முப்பது! சீட்டுக் கம்பெனிக்காரர்கூட இப்படிச் சொல்லக் கூச்சப்படுவார்.

பெட்ரோலில் ஈயம் கலந்த கதையும் அப்படித்தான். 1920-களில் ஆரம்பித்தார்கள். இன்ஜின் 'டக் டக்' என்று தட்டாமல் ஓடியது. குழந்தைகளின் மூளை மழுங்கியது. ஈயத்தால் அமெரிக்கர்கள் இழந்தது மொத்தம் 82 கோடி ஐ.க்யூ. புள்ளிகள் என்று 2022-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்தியா 2000-ல் ஈய பெட்ரோலை நிறுத்தியது. உலகத்தின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. நூறு வருஷம் ஆனாலும், உலகமே சேர்ந்து ஒரு விஷத்தை பங்க்கை விட்டு விரட்டியிருக்கிறது. முடியாது என்று ஒன்றுமில்லை.

நம்ம வீட்டுப் புகைபோக்கி

அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய. பஸ் அதிகம் விட வேண்டும். ஆலைகளை அளக்க வேண்டும். குப்பையைப் பிரிக்க வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். நடுவில் நம் கையில் இருப்பதையும் பார்ப்போமா?

முதலில், ராத்திரி கட்டிலுக்குக் கீழே சுருண்டு படுத்திருக்கும் கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் கக்குகிற பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். 'எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை' என்று மாமனாரிடம் அடித்துச் சொன்னவர்களெல்லாம் கவனிக்க! கொசுவலை வாங்குங்கள். வலைக்குப் புகையும் இல்லை, மாதச் செலவும் இல்லை.

இரண்டாவது, ஆபீஸ். ஏ.சி. போட்டு ஜன்னலையெல்லாம் அடைத்த மீட்டிங் ரூமில் மதியம் இரண்டரைக்கு எல்லாருக்கும் கொட்டாவி வருகிறதே, பாவம், சாம்பார் சாதத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். 2015-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 24 பேரை ஆறு நாள் ஓர் அலுவலகத்தில் உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரியாமல் உள்ளே வரும் காற்றை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். சாதாரண ஆபீஸ் காற்றைவிட, ரசாயன ஆவி குறைந்த காற்றில் யோசனைத் திறன் மார்க் 61 சதவிகிதம் அதிகம். வெளிக்காற்றும் தாராளமாக வந்த நாளில், இரண்டு மடங்கு! சின்ன ஆய்வுதான். ஆனால், தெருவில் வண்டி குறைந்த நேரமாகப் பார்த்து ஜன்னலைத் திறக்கப் பைசா செலவில்லை.

மூன்றாவது, முகத்தில் கட்டுகிற கைக்குட்டை. பேங்க் கொள்ளைக்காரன் மாதிரி தோற்றம் கிடைக்குமே தவிர, பொடித் துகளைத் தடுக்காது. என்-95 மாஸ்க், மூக்கோடு இறுக்கமாக உட்கார்ந்தால் தடுக்கும். கொரோனா காலத்தில் வாங்கினது பீரோவில் இருந்தால், புகை நாளில் எடுங்கள்.

நாலாவது, 90 விநாடி சிக்னல். சாவியைத் திருப்பி அணைக்க ஒரு விநாடி. நான் இப்போது அணைக்கிறேன். பின்னால் இருக்கிறவர் முதலில் முறைப்பார்; ஹாரன் அடிப்பார். அடுத்த வாரம் அவரும் அணைப்பார் என்று ஒரு நப்பாசை.

கடைசியாக, போகி. 2018, ஜனவரி 13 ஞாபகம் இருக்கிறதா? போகிப் புகையும் பனியும் சேர்ந்துகொண்டு, சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்ட நாள். பகலில் நம்மைக் காப்பாற்றுகிற கடற்காற்று, குளிர்கால விடியலில் ஓய்ந்து கிடக்கும். தரையை ஒட்டின குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நாம் கொளுத்துகிறோம். லண்டனின் அதே சமையல் குறிப்பு, பாத்திரம்தான் சின்னது!

அடுத்த போகிக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்தேன். இரண்டு பழைய ஸ்கூட்டர் டயர், ஒரு கிழிந்த ரெக்ஸின் சோபா. மாநகராட்சி வண்டியில் ஏற்றிவிட்டு வந்தேன். எதிர் வீட்டுப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

''என்னப்பா, இந்த வருஷம் எரிக்கலையா? சாஸ்திரத்துக்காவது ஏதாவது போடேன்.''

''பழைய பாய் ஒண்ணு இருக்கு சார். சாஸ்திரத்துக்கு அதுல ரெண்டு கோரை போதாது?''

அவர் ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலை பார்த்தேன். அவர் வாசலிலும் ஒரு கைப்பிடி வைக்கோல்தான் எரிந்தது. அடுத்த தெருவில் மட்டும் டயர். புகை எங்கள் ஜன்னலுக்கும் வரத்தான் செய்தது. பெண்ணுக்கு இருமல் இருந்தது. நெபுலைசரை இரண்டு தடவை வைத்தோம். ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை.

பொங்கல் முடிந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். மருந்து 210 என்று எழுதினேன். மனைவியின் லீவு, ஒரு நாள். பள்ளிக்கூடம், ஒரு நாள். போன வருஷத்தோடு ஒப்பிட்டால் பற்று நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் டேலி ஆகவில்லை.

அடுத்த தெருவுக்குப் போய் அந்தப் பசங்களிடம் பேச வேண்டும். டயர் சேகரிப்புக் குழுவின் முன்னாள் தலைவர் என்ற முறையில் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள்!